புதுக் கெட்டிலில் பொங்கிய பால்

விஜி அந்தப் பாலைக் குடித்துவிட்டுத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் குடிக்கப் போயிருந்தால் தொண்டையில் இறங்கியிருக்காது.

வெள்ளிக்கிழமை. ஆவடியிலேயே ரயில் அரைமணி நேரம் நின்றுவிட்டது. பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் ஓட்டமும் நடையுமாக அவள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. உள்ளே நுழைந்ததுமே பேக்கிங் பெண் ஒருத்தி பேப்பர் கப்பை நீட்டினாள். சர்க்கரையும் ஏலக்காயும் போட்ட நல்ல பால். ஓடிவந்த களைப்பில் ஒரே மடக்கில் குடித்துவிட்டு என்ன விசேஷம் என்று கேட்டாள். புளி காய்ச்சப் புதுசாக வந்த பெரிய கெட்டிலுக்குப் பூஜை போட்டோம், அதிலேயே பால் காய்ச்சினோம், நுரைத்துப் பொங்கியது என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள்.

"அதுலயேவா?"

"பின்ன, பக்கத்து கம்பெனி அடுப்புலயா காச்சுவாங்க?"

விஜி காலிக் கப்பைக் கசக்கினாள். குறை பாலில் இல்லை.

அது புளிக் கம்பெனி. தருமபுரிப் பக்கமிருந்து வரும் புளியைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, கெட்டியாகச் சுண்டவைத்து, கண்ணாடி ஜாடியில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். ஜாடியின் முதுகில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். அது நமக்குத் தெரிந்தது, சைவம். அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டமும் வட்டத்துக்குள் ஓர் இங்கிலீஷ் எழுத்தும் இருக்கும். அது நமக்குத் தெரியாதது. உங்கள் வீட்டு அலமாரியில் ஏதாவது பிஸ்கட் பாக்கெட்டிலோ சாக்லேட் உறையிலோ இருந்தாலும் இருக்கும். கண்ணில் பட்டிருக்கும், கருத்தில் பட்டிருக்காது. அதற்குக் கோஷர் முத்திரை என்று பெயர். யூதர்களின் சாப்பாட்டு விதிப்படி செய்த பண்டம், அதைப் பார்ப்பதற்கென்றே உள்ள ஆள் வந்து பார்த்துச் சரி சொன்ன பண்டம் என்று அர்த்தம். வட்டத்துக்குப் பக்கத்தில் 'டி' போட்டிருந்தால் பால் கலந்தது, அல்லது பால் காய்ந்த பாத்திரத்தில் செய்தது. 'பாரெவ்' என்று போட்டிருந்தால் பாலும் இல்லை, கறியும் இல்லை, எதனோடும் சேர்த்துச் சாப்பிடலாம். இந்தக் கம்பெனி ஜாடியில் பாரெவ் என்றுதான் அச்சடித்திருந்தது.

அவர்கள் கறியையும் பாலையும் சேர்க்கமாட்டார்கள். ஒரே வேளைச் சாப்பாட்டில் கூடாது, ஒரே பாத்திரத்திலும் கூடாது. ஏன் என்றால் அவர்களுடைய வேதத்தில் அப்படி இருக்கிறது. நம் ஆட்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். புரட்டாசிச் சனிக்கிழமை சாமிக்குப் பொங்கும் குண்டானில் பக்கத்து வீட்டுக்காரி கருவாட்டுக் குழம்பு வைத்துத் திருப்பிக் கொடுத்தால் அந்தச் சிரிப்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது.

விஜிக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை, ஏனென்றால் இதுதான் அவள் வேலை. ஆறு வருஷமாக அந்தக் கம்பெனியில் தரம் பார்க்கிற கியூசி அவள். சரக்கைச் சோதித்து, பதிவேட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு ஜாடி வெளியே போகாது. வருஷத்துக்கு மூன்று முறை மும்பையிலிருந்து எஸ்ரா என்றொருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அந்தப் பதிவேட்டைப் பார்ப்பார். வட்டத்தைக் கொடுப்பதும் பிடுங்குவதும் அவர்தான். சொட்டைத் தலையில் சின்னத் தொப்பி. சிரிக்கமாட்டார். கம்பெனிக் காபியைத் தொடமாட்டார். பையிலிருந்து வாழைப்பழம் எடுத்துத் தின்பார். பெண்கள் அவருக்கு மும்பை ஐயர் என்று பெயர் வைத்திருந்தார்கள். போன வருஷம் கொதி அறைக்குள் காலியான தயிர் டப்பா ஒன்று கிடந்ததற்காக அன்றைக்கு முழுவதும் வேலையை நிறுத்தியவர் அவர்.

விஜி கொதி அறைக்கு ஓடினாள். புதுக் கெட்டில் பளபளவென்று நின்றிருந்தது. ஆளுயரம், ஐநூறு லிட்டர். கழுத்தில் மாவிலைத் தோரணம், வயிற்றில் மஞ்சள் குங்குமம். உள்ளே முதல் ஈடு புளி ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கைகட்டிக்கொண்டு தசரதன் நின்றிருந்தார்.

தசரதன் தயாரிப்பு மேனேஜர், முதலாளி தினகரனின் மனைவிக்கு அண்ணன். ஆவடிப் பக்கத்துக் கோவில்பதாகையில் இன்று பிளாட்டாக விற்றுப்போன நிலத்தில் பாதி தன் தாத்தா நெல் விளைத்தது என்று நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். நட்டவர்கள் யார், அறுத்தவர்கள் யார் என்று மட்டும் சொல்லமாட்டார். விஜி அதே கோவில்பதாகையின் காலனித் தெரு. அதனால் அவளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதும் இல்லை.

கெட்டிலுக்குப் போகும் ஸ்டீமை நிறுத்தச் சொன்னாள். அவர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார்.

"பாலு ஊத்துனா பாத்திரம் கெட்டுப்பூடுமா? பாலவிடச் சுத்தமா உலகத்துல இன்னாம்மா கீது?"

"கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லல சார். பாலு காஞ்ச பாத்திரம் ஆயிடுச்சு. லேபிள்ல பாலு இல்லன்னு போட்டுக்கீது."

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது என்றார். கழுவுவதில் இல்லை விஷயம் என்றாள். சூடான பால் காய்ந்த பாத்திரத்தில் அன்றைக்கே வெந்த புளியை அவர்கள் கறியில் ஊற்றமாட்டார்கள், நம்பி வாங்குகிற ஆளுக்கு நாம் பொய் சொன்னதாக ஆகும் என்றாள். அமெரிக்காவில் எவனோ தின்கிறதற்கு அம்பத்தூரில் நீ ஏன் துடிக்கிறாய் என்று அவர் கேட்டார். திங்கட்கிழமை கன்டெய்னர் ஏறவேண்டும், லேபிள் எல்லாம் அச்சடித்து வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு போய் உன் வேலையைப் பார் என்றும் சொன்னார். அவள் வேலையைத்தான் பார்த்தாள். சந்தேகமான சரக்கின்மேல் கியூசி சிவப்பு அட்டை தொங்கவிட்டால், அவளே எடுக்கும்வரை அது நகரக்கூடாது என்பது விதி. அட்டையைக் கொண்டுவந்து கெட்டிலின் கைப்பிடியில் மாட்டினாள். அவள் கதவைத் தாண்டுவதற்குள் தசரதன் அதைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பரவியது நடந்தது அல்ல. பூஜைப் பாலைத் தீட்டு என்று விஜி சொல்லிவிட்டாள் என்பதுதான் பரவியது. இதைப் பற்றவைத்தது யார் என்று கேட்கவேண்டாம்; குப்பைக்கூடையில் அட்டை போட்ட அதே கைதான். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்ததும் அந்தப் பெஞ்சிலிருந்து ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். கடைசியில் எதிரே வந்து நின்றவள் கெங்கம்மாள்.

கெங்கம்மாள் பதினோரு வருஷமாக அங்கே கெட்டில் கழுவுகிறவள். விஜியின் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள், முறைக்கு அத்தை. அந்தக் கம்பெனியில் எத்தனையோ பூஜை நடந்திருக்கிறது. வாசலில் ஸ்டவ் வைத்துப் பால் காய்ச்சுவார்கள்; ஊற்ற முதலாளி வீட்டம்மா வருவாள், அவள் வராவிட்டால் தசரதன் வீட்டிலிருந்து யாராவது வருவார்கள். இந்தத் தடவை பெரிய மிஷின், அதிலேயே பொங்கினால்தான் ராசி என்று தசரதனுக்குத் தோன்றிவிட்டது. வரவேண்டிய பெண்கள் இரண்டு பேரும் வரவில்லை. நல்ல நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. சுமங்கலி யாராவது இருக்கிறார்களா என்று அவர் திரும்பியபோது ஈரக்கையோடு கெங்கம்மாள் நின்றிருந்தாள். வா, நீ ஊற்று என்றார். அவருக்கு அது அவசரம், அவ்வளவுதான். அவளுக்கு அப்படி இல்லை. அவள் அம்மா தசரதன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளினவள். ஆயுசு முழுக்க அந்த மாடுகளுக்குத் தீனி போட்டாள். கறந்த பால் செம்பைத் தொட அவளை விட்டதில்லை.

"எங்கையால ஊத்தின பாலு உனக்குத் தீட்டாடி?"

தீட்டு என்று நான் சொல்லவே இல்லை அத்தை என்றாள் விஜி. பால் நல்ல பால்தான், பாத்திரம்தான் தப்பு, யார் ஊற்றியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்றாள். கெங்கம்மாள் கேட்டுக்கொள்ளவில்லை.

"அவுங்க ஊட்டுப் பொம்பளைங்க ஊத்தினப்பல்லாம் நீ வாயே தொறக்கல. நான் ஊத்தினதும் உனக்கு ரூலு வந்துட்சி."

அப்போதெல்லாம் வாசல் ஸ்டவ்வில் காய்ச்சினார்களே என்று விஜி சொல்ல ஆரம்பித்தாள். கெங்கம்மாள் காறித் துப்பிவிட்டுப் போனாள். துப்பியது தரையில்தான். பார்த்தவர்கள் எல்லாம் அது விஜியின் மேல் விழுந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை சாயந்தரத்துக்குள் ஐந்து ஈடு புளி இறங்கி, ஜாடியில் அடைத்து, லேபிளும் ஒட்டியாயிற்று. தசரதன் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தார். புதுக் கெட்டில், தண்ணீர் மட்டும் கொதிக்கவைத்துக் கழுவப்பட்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போடு என்றார். பால் என்று எழுதுங்கள், போடுகிறேன் என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே இந்த வேலைக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் உன்னைச் சேர்க்கச் சொன்னதே நான்தான் என்று வந்து, அவள் அசையாததைப் பார்த்து உண்மையான பேச்சுக்கு வந்தார்.

"உங்க ஆளுங்க கைல பேனா குடுத்தா இதான் கதி."

விஜி பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். அவர் முகத்தில் அந்தப் பதிவேட்டை எறியவேண்டும் என்ற வெறி வந்தது.

பயமும் இல்லாமல் இல்லை. அவள் கணவன் சந்தோஷ் வேலை பார்த்த கார் உதிரிபாகக் கம்பெனி ஒப்பந்த ஆட்களைப் பாதியாகக் குறைத்ததில் அவன் வீட்டோடு இருந்தான். அந்த வீடு இவள் வேலையில்தான் ஓடியது. ராத்திரி விஷயத்தைச் சொன்னதும் அவன் தலையில் அடித்துக்கொண்டான். எவனோ எங்கேயோ கறியில் புளி ஊற்றுவதற்காக நம் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொள்வாயா என்று கேட்டான். கொதி அறைச் சுவரில் எஸ்ராவின் செல் நம்பர் ஒட்டியிருந்தது. சந்தேகம் என்றால் உடனே கூப்பிடலாம் என்று அதன்கீழ் எழுதியும் இருந்தது. விஜி அந்த நம்பரை எப்போதோ தன் போனில் ஏற்றியிருந்தாள். வெள்ளிக்கிழமையும் கூப்பிடவில்லை, சனிக்கிழமையும் கூப்பிடவில்லை. பொய்க்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்பதுவரைதான் அவளுக்குத் தைரியம் இருந்தது. அதற்கு மேலே அன்றைக்கு இல்லை.

திங்கட்கிழமை கன்டெய்னர் லாரி வரவில்லை, செவ்வாய்க்கு மாறியது. செவ்வாய்க்கிழமை காலையில் லாரிக்கு முன்னால் எஸ்ரா வந்துவிட்டார். வேலியில் போகிற ஓணானை யாரும் மடியில் எடுத்து விட்டுக்கொள்ளவில்லை, அதுவாகவே வந்து உட்கார்ந்தது என்று தசரதன் நினைத்திருப்பார். முதலாளி ஊரில் இல்லை. எஸ்ரா நேராகப் புதுக் கெட்டிலிடம் போனார். காய்ந்த தோரணத்தையும் குங்குமத்தையும் பார்த்தார். என்ன நடந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். பூவும் கற்பூரமும்தான், வேறொன்றுமில்லை என்றார் தசரதன். எஸ்ரா இந்த ஊர்ப் பக்கம் இருபது வருஷமாக வந்துபோகிறவர். புதுப் பாத்திரம், பூஜை, ஆனால் பால் இல்லையா என்று கேட்டார். பதிவேட்டைப் பாருங்கள் என்று தசரதன் நீட்டினார்.

எஸ்ரா பக்கத்தைத் திருப்பிய விதத்தில் விஜிக்கும் தெரிந்தது. தண்ணீர் மட்டும் என்ற வரிக்குக் கீழே அவள் பெயரில் ஒரு கையெழுத்து இருந்தது. அவள் போடாதது. தன் பெயரை வேறொருவன் எழுதியிருப்பதைப் பார்ப்பது, தன் துணியை வேறொருவன் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

எஸ்ரா அதைப் பற்றி உடனே ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் பழைய கெட்டிலைத் தேய்த்துக்கொண்டிருந்த கெங்கம்மாளைக் கூப்பிட்டார். இதில் முதலில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டு, அதைத் தமிழில் கேட்கும்படி விஜியிடம் சொன்னார். விஜி அப்படியே கேட்டாள். கெங்கம்மாள் வாயைத் திறப்பதற்குள் தசரதன் குறுக்கே பேசினார். குரலை உயர்த்தவில்லை. எஸ்ராவுக்குப் புரியாத தமிழ்தானே என்ற தைரியம்.

"தண்ணின்னு சொல்லு, கெங்கம்மா. நீ பாலே ஊத்தல."

கெங்கம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அவர் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பாலுதான். பாஞ்சு லிட்டரு. இந்தக் கையாலதான் ஊத்தினேன். பொங்குனதை எல்லாரும் எட்டிப் பாத்தாங்க. தோ நிக்கறாளே, இவளும் வாங்கிக் குட்ச்சா. குட்ச்சுட்டுத்தான் தீட்டுன்னா."

அவள் விஜியைக் காட்டிக்கொடுக்கத்தான் சொன்னாள். அதில் சந்தேகம் வேண்டாம். விஜி அவ்வளவையும் இங்கிலீஷில் சொன்னாள். கடைசி வரியை முழுங்கியிருக்கலாம். முழுங்கவில்லை, அதையும் சொன்னாள். தீட்டு என்று நான் சொல்லவில்லை என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். பால் சுத்தமானதுதான், நானும் தினம் குடிக்கிறேன் என்றார் எஸ்ரா, ஏதோ கொசுவை விரட்டுகிறவர் போல. பிறகு பதிவேட்டில் பழைய பக்கங்களைப் புரட்டினார். ஆறு வருஷக் கையெழுத்துகள். அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டார், இது உன்னுடையதா என்று.

தசரதன் அவள் பக்கம் ஓர் அடி வந்தார்.

"ஆமான்னு சொல்லு. இந்தச் சரக்கோட போவும். இல்லன்னா சர்ட்டிபிகேட்டே பூடும். எண்பது பொம்பளைங்க வயித்துல அடிக்காத."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கொடுமை. பால் ஊற்றியது தெரியாமல் செய்த தப்பு, சரக்கோடு தீரும். கையெழுத்தோ திருட்டு, அதற்குக் கம்பெனியே பதில் சொல்லவேண்டும். ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டால் பொய் எழுதியவள் விஜி ஒருத்தி என்றாகும், அவளை அனுப்பிவிட்டு மற்ற எல்லாரும் நிம்மதியாகப் புளி காய்ச்சலாம். காலனித் தெருப் பெண் பொய் சொன்னாள் என்றால் நம்புவதற்கும் யாருக்கும் கஷ்டம் இருக்காது. அதை நினைத்ததும் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. என்னுடையது இல்லை என்று எஸ்ராவிடம் இங்கிலீஷில் சொன்னாள். கெங்கம்மாளுக்கும் கேட்கட்டும் என்று திரும்பித் தமிழிலும் சொன்னாள்.

தசரதனுக்கு அதற்குமேல் மேனேஜர் வேஷம் தாங்கவில்லை.

"உங்க தெருவுக்கே எங்க கொல்லையில கொட்டாங்குச்சிலதான் கஞ்சி ஊத்தினோம். நீ எங்க பாத்திரத்துக்கு ரூலு சொல்ல வந்துட்டியா?"

"ஊத்தினீங்க சார். எங்களுக்குன்னா கொட்டாங்குச்சி, உங்களுக்குன்னா வெங்கலம். எது எதோட சேரக்கூடாதுன்னு உங்க ஊட்ல தெரியாததா? மனுசன் விஷயத்துல அவ்ளோ கரெக்டா இருந்தவங்களுக்கு, பாலு விஷயத்துல மட்டும் புரியலையா?"

அவர் கை ஓங்கினாரா, இல்லை நெற்றியைத் துடைக்கத்தான் தூக்கினாரா, தெரியாது. எஸ்ரா நடுவில் இருந்தார்.

தீர்ப்பை அவர் நின்றபடியே எழுதினார். அந்த ஐந்து ஈட்டுக்கும் வட்டம் கிடையாது, லேபிளை எல்லாம் கிழிக்கவேண்டும். கெட்டில் ஒரு முழு நாள் சும்மா நிற்கவேண்டும், பிறகு தன் கண் முன்னால் அதில் தண்ணீரைக் கொதிக்கவைத்து விளிம்பு தாண்டி வழியவிடவேண்டும். பொய்க் கையெழுத்துக்காகச் சர்ட்டிபிகேட் இரண்டு வாரம் நிறுத்தம். அவர் திரும்பி வரும்போது பதிவேட்டில் விஜியின் கையெழுத்து இருக்கவேண்டும். அவள் வேலையில் இல்லை என்றால், ஏன் இல்லை என்று அவள் கைப்பட எழுதிய கடிதம் இருக்கவேண்டும். விஜியைப் பாராட்டவெல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமையே ஏன் என்னைக் கூப்பிடவில்லை, நாலு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அவளையும் கடுமையாகக் கேட்டார். தலை குனிந்து நின்றாள்.

புதன்கிழமை தினகரன் வந்துவிட்டார். அவருக்குக் கோபமே வராது என்பார்கள். கோபம் வருகிறவனிடம் பிழைத்துக்கொள்ளலாம், இப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். பெண்களையெல்லாம் இரண்டு வாரம் வீட்டில் இருங்கள் என்று அனுப்பினார். அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு விஜியின் அறையைத் தாண்டிப் போனார்கள். இனிமேல் விளங்குவாளா என்று ஒருத்தி கேட்டாள், இன்னொருத்தி கதவை உதைத்தாள். கம்பெனி காலியான பிறகு தினகரன் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மச்சான் செய்தது தப்புதான், ஆனால் சொந்தக்காரனை வெளியே அனுப்பமுடியாது, இவ்வளவுக்குப் பிறகு நீயும் அவரும் ஒரே கூரையில் இருக்கமுடியாது, நீயாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் வேறு இடத்தில் நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றார். வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார்.

விஜி எழுதினாள். நாலு வரி. அவர் எடுத்துப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாம்மா இது? சொந்தக் காரணம்னு போடுவாங்கம்மா. எல்லாரும் அப்டித்தான் போடுவாங்க."

"எனக்குச் சொந்தக் காரணம் ஒண்ணும் இல்லியே சார். கெட்டில்ல பாலு காச்சினத தண்ணின்னு எழுத மாட்டேன்னு சொன்னேன். அதுக்காக என்னைப் போவச் சொல்றீங்க. நடந்தத எழுதிக்கீறேன். இத அந்த மும்பைக்காரருக்குக் காட்டணும்னா காட்டுங்க."

வேறு மாதிரி எழுதித் தர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். என் கையால் வராது சார் என்றாள். அவர் தாளை இன்னொரு தடவை படித்தார். நாலாகக் கிழித்தார். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துவிடு, லேபிள் கிழிக்கிற வேலை இருக்கிறது என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஆக வேலை போகவில்லை. பட்டரவாக்கம் பிளாட்பாரத்துக்கு வரும்வரை அவளுக்கு அதை நம்பவே முடியவில்லை. சந்தோஷுக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தபோது சிமென்ட் பெஞ்சில் கெங்கம்மாள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். எப்போதோ வீட்டுக்குப் போயிருக்கவேண்டியவள். விஜி கிட்டே போய் நின்றாள். வேலைக்கு வரச் சொல்லிவிட்டார், இரண்டு வாரத்தில் எல்லாரையும் கூப்பிட்டுவிடுவார்கள் அத்தை என்றாள். கெங்கம்மாள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பாலே ஊத்தலன்னு அந்தாளு சொன்னாரே, கேட்டியா?"

"கேட்டேன் அத்தே."

"எனக்குன்னு ஒரே ஒரு நாளு வந்துச்சு. அந்தாளு அது நடக்கவே இல்லன்றான். நீ நடந்திருக்கவே கூடாதுன்ற. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்டி."

விஜி வாயைத் திறந்தாள். பாத்திரம், விதி, லேபிள் என்று வெள்ளிக்கிழமையிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்தவை எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஆவடி வண்டி வந்து நின்றது. கெங்கம்மாள் எழுந்து, பெண்கள் பெட்டியை விட்டுவிட்டு, நாலு பெட்டி தள்ளிப் போய் ஏறிக்கொண்டாள்.